கிணற்றடியில் கிடந்தவன்

ரம்யா போன வாரம் பயிற்சி முகாமிலிருந்து போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். "வேண்டாம் மக்கா" என்று ஒரே சொல்லில் முடிகிற காரியம். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்டது இதுதான். "அப்பா, நாளைக்கு எங்களுக்கு ஓய்வு நாளாக்கும். மத்தவங்க எல்லாம் உறங்குவாங்க. நான் மட்டும் எழும்பி கிரவுண்டுல ஓடினா அவங்கள முந்திரலாம் இல்லியா?"

தீயணைப்புப் படையில் இப்போது பெண்களையும் எடுக்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் போட்டுக் கழற்றிய காக்கியை என் மகள் போடப்போகிறாள். இதை நினைத்தாலே எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. அந்த மிதப்பில் புத்தி சொன்னால் சரியாக வராது. அதனால்தான் எழுதுகிறேன். மகனே விஷ்ணு, நீயும் வாசி. ஜிம்முக்குப் போகாத நாளில் நீ பட்டினி கிடந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாய். கையில் கட்டிய வாட்ச் திட்டுகிறது என்கிறாய். உனக்கும் சேர்த்துத்தான் இது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

தீயணைக்கிற வேலை என்றுதான் பெயர். ஆனால் என் கண்ணை மூடினால் தீ வருவதில்லை, கிணறுதான் வருகிறது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் வீட்டுக்கு ஒரு கிணறு. வெட்டுக்கல்லைத் துளைத்துக்கொண்டு கீழே கீழே போகிற கிணறுகள். உள்ளே சுவரில் பாசியும் சின்னச் சின்னப் பெரணிச் செடிகளும் இருக்கும். எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு துண்டு வானம் அசைந்துகொண்டிருக்கும். அந்த வானத்துக்குள் ஆடு விழும், பசுக்கன்று விழும், சில நாள் மனிதரும் விழுவார்கள். அப்போது எங்களைக் கூப்பிடுவார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடு என்றார்கள், ஓடினோம். தூக்கு என்றார்கள், தூக்கினோம். எவன் வாந்தி எடுக்கிறானோ அவன்தான் நன்றாகப் பயிற்சி செய்கிறான் என்று நாங்களே நம்பினோம். என் இரண்டு கணுக்கால் எலும்பும் இரவில் விண்விண்ணென்று தெறிக்கும். அதையும் பெருமையாகத்தான் நினைத்தேன்.

செல்லப்பன் சார் எங்கள் நிலையத்துக்கு ஸ்டேஷன் ஆபீசராக வந்தபோது எனக்கு வேலையில் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். கிட்டே போய்க் குனிந்துதான் கேட்க வேண்டும். குனிந்தவனுக்கு அதிலேயே பாதி உயிர் போய்விடும்.

வந்த முதல் வாரத்திலேயே எங்கள் பயிற்சியை மூன்றாகப் பிரித்தார். ஒரு நாள் ஓட்டம். விடியும்போது நெய்யாற்றுக் கால்வாயின் கரையோடு ஓடுவது. இன்னொரு நாள் பாரம். கயிறு ஏறுவது, மணல் மூட்டையைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறுவது, ஒருவன் இன்னொருவனைச் சுமந்துகொண்டு முற்றத்தைச் சுற்றி வருவது. மற்றொரு நாள் கிடப்பு. அதாவது, சும்மா கிடப்பது. எல்லோருக்கும் ஒரே நாளில் கிடப்பு வராது. வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் ஓடும்போது ஒருவன் தூக்குவான், ஒருவன் கிடப்பான்.

"சார், கிடக்கிறதுக்குச் சம்பளம் உண்டா?" என்று ஞானதாஸ் கேட்டான். அவன் என் சோட்டாளி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். நிலையத்தில் கேலி பேச ஒரு ஆள் வேண்டுமே, அது அவன்தான்.

"ஓடுறது ஒரு ஜோலி. தூக்குறது ஒரு ஜோலி. கிடக்கிறதும் ஜோலிதான்" என்றார் சார். "தூக்கும்போது உடம்பு உடையுது. கிடக்கும்போதுதான் அது கட்டுது. நீ உடைச்சிட்டே இருந்தா எப்பம் கட்டும்?"

கூடவே ஒரு சட்டமும் வைத்தார். நேற்றுக் கிடந்தவன் எவனோ, இன்றைக்குக் கிணற்றுக்குள் இறங்குகிறவன் அவன். எங்களுக்கு முதலில் அது புரியவில்லை. பிறகு இறங்கி இறங்கித்தான் புரிந்தது. கிணற்றில் பல சமயம் காற்று இருக்காது. முகமூடி மாட்டி, முதுகில் காற்று அடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். மூச்சு வாங்குகிறவனுக்கு அந்தக் காற்று வேகமாகத் தீரும். அடங்கிய மூச்சு உள்ளவனுக்கு அது நின்று பரிமாறும். கீழே கிடப்பவனின் உயிரும் அந்த மூச்சில்தான் இருக்கிறது.

காலையில் அணிவகுப்பு முடிந்ததும் சார் தன் கையாலேயே எல்லோருக்கும் பால் விடாத கட்டன்சாயா ஊற்றுவார். கிளாஸின் விளிம்பு வரைக்கும் ஊற்றுவார். நாங்கள் அவர் எங்களை உபசரிப்பதாக நினைத்தோம். அவர் எங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் கயிறு ஏறியவன் கை லேசாக நடுங்கும், சாயா விரலில் வழியும். "இன்னைக்கு உனக்குக் கயிறு வேண்டாம். கரையோட ஓடிட்டு வா" என்பார். கிடந்துவிட்டு வந்தவன் கையில் சாயா அசையவே கூடாது. அசைந்தால் கூப்பிடுவார். குனிய வேண்டும்.

ஆனால் நம்மூர்க்காரனுக்குச் சும்மா கிடக்கத் தெரியாது, மக்களே. எனக்கு ஒரு கிடப்பு நாளில் உங்கள் அம்மை வாழைக் குழி எடுக்கச் சொன்னாள். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு நின்றேன். அந்த வழியாக எதற்கோ வந்த செல்லப்பன் சார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வந்தார். உங்கள் அம்மையிடம் மெதுவாக, "நாளைக்கு இவன் கிணத்துல இறங்குவான் கேட்டியாம்மா. கயிறு பிடிக்கிற கைல இப்பம் மண்வெட்டி இருக்கு" என்றார். உங்கள் அம்மை மண்வெட்டியைப் பிடுங்கி விறகுப் புரைக்குள் எறிந்தாள். அதற்குப் பிறகு கிடப்பு நாளில் நான் முற்றத்தில் ஒரு தேங்காய் எடுத்தால்கூட, "போட்டிட்டுப் போய்க் கிடவும் ஓய்!" என்று அவள்தான் விரட்டுவாள்.

ஞானதாஸ் தன் முறையை வளைத்து, ஞாயிற்றுக்கிழமையில் கிடப்பு வரும்படி கேட்டு வாங்கியிருந்தான். காலையில் சபைக்குப் போக வேண்டுமே. "ஆண்டவரே ஓய்ந்திருந்த நாளாக்கும் சார்" என்றான்.

"ஆண்டவரு ஓய்ந்திருந்தாரு, சரி. நீ ஓய்ந்திருப்பியா?" என்று சார் கேட்டார்.

"சத்தியமா சார்" என்றான் ஞானதாஸ்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ரப்பர் இலை எல்லாம் கொட்டி முடிந்து, செம்பு நிறத்தில் தளிர் வந்திருந்த சமயம். அந்தச் சில நாட்களில் நம் தோப்பு விளைகளுக்குள் வெளிச்சம் வேறு மாதிரி இருக்கும். பழைய தேனின் நிறத்தில், சற்று இனிப்பாக. அன்று எனக்கு ஓட்ட நாள். கால்வாய்க் கரையில் பனி தரையோடு நின்றது. முழங்காலுக்குக் கீழே என் கால்களே எனக்குத் தெரியவில்லை. யாருடைய கால்களிலோ ஏறி மிதந்து போவதுபோல இருந்தது. பாலம் வரைக்கும் போய்த் திரும்பி, வேர்வையோடு நிலையத்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே ஒரே கொண்டாட்டம். மேசை மேல் ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை. மஞ்சளாகப் பழுத்தது. ஞானதாஸ் உரித்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"எலே சுகுமாரா, தின்னுலே. எனக்க வகையாக்கும்."

"இது ஏதுலே?"

"கேள்வி கேக்காம தின்னு. கேட்டா செமிக்காது."

சாரும் ஒரு பழம் தின்றார். சாயாப் பாத்திரம் அடுப்பில் அப்படியே இருந்தது. பழம் தின்ற வாய்க்குச் சாயா வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் மணி அடித்தது. பெருங்கடவிளைக்கு அப்பால் ஒரு ரப்பர் விளையில், கிணறு தூர்வார இறங்கிய ஆள் மேலே வரவில்லை.

வண்டி விளைக்குள் போகாது. ரோட்டில் நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினோம். அங்கே ஊரே நின்றது. கிணற்றின் வாயில் ஒரு பெண் கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். கயிற்றின் மறுமுனையில் சேறு நிறைந்த வாளி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயர் சரோஜம். உள்ளே இருந்தது அவள் புருஷன் தங்கப்பன். அவர் கீழே தோண்டுவார், இவள் மேலே இழுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் அதுதான் பிழைப்பு. தண்ணீரை இறைக்க டீசல் எஞ்சினைக் கிணற்றின் பாதியில் பலகை போட்டு வைத்திருந்தார்கள். புகை மேலே வராமல் அடியில் போய்த் தங்கிவிட்டது. எஞ்சினை நிறுத்தியும் பயனில்லை. கீழே கூப்பிட்டால் முதலில் முனகியவர், பிறகு முனகவும் இல்லை.

சார் அந்த வீட்டிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை வாங்கி, வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் திருப்பினார். வெளிச்சம் சுவரோடு வழுக்கிக் கீழே இறங்கியது. பாசி, கல், எஞ்சின், பலகை, பிறகு ஒரு மனிதனின் தலை. ஓரத்துத் திட்டில் உட்கார்ந்து, தலையை நெஞ்சில் போட்டு, இடுப்பு வரைக்கும் தண்ணீரில் இருந்தார். சார் அந்த வெளிச்சத்தை அவர் தோளிலேயே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள் அனங்குது. உயிர் உண்டு" என்றார். "ஞானதாசே, சிலிண்டர் மாட்டு."

ஞானதாஸ் அசையவில்லை. தன் உள்ளங்கைகளை விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எலே, சார் விளிக்காரு" என்றேன்.

"சார்" என்றான் அவன். "அந்தக் குலை நான் வாங்கினதில்ல சார். நேத்து சபை ஆண்டுவிழாவுக்குக் கயிறு இழுக்கிற வடம்வலி வச்சாங்க. எங்க பக்கத்துல கடைசி ஆளா நிக்க ஆளில்ல. நான்தான் நின்னேன். ஜெயிச்சதுக்குக் குலை குடுத்தாங்க." விரல்களை மடக்கிக் காட்டப் பார்த்தான். பாதி வரைதான் மடங்கின. "கையில ஒண்ணும் நிக்கல சார். நான் இறங்கினா அவரைக் கட்டித் தூக்க ஏலாது."

அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல அவனுக்கு என்ன ஆகியிருக்கும்! கூட்டத்தில் எவனோ சிரித்தான். "பழம் தின்னிட்டு வந்திருக்கானுவ" என்றான் ஒருவன். ஞானதாஸ் வாயைத் திறக்காமல் இறங்கியிருந்தால் அவன் மானம் போயிருக்காது. தங்கப்பன் போயிருப்பார். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சார் அவனைத் திட்டவில்லை. சுற்றிப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் ரப்பர் ஷீட் உலர்த்துகிற ஒரு புகைப்புரை எரிந்ததை விடிய விடிய அணைத்துவிட்டு வந்தவர்கள். கண் சிவந்து கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இன்னைக்கு ஓடினே."

"ஓடினேன் சார். பாலம் வரைக்கும்."

"கையைக் காட்டு." காட்டினேன். அழுத்திப் பார்த்தார். "கை இருக்கு. மூச்சுதான் அடங்கல. போய்க் கிட."

"சார்?"

"கயிறும் கப்பியும் கட்டி முடியிறது வரைக்கும் கிட. நீ ஒண்ணும் தொடப்பிடாது. கண்ணை மூடு."

இறங்குகிறவன்தான் தன் கயிற்றைத் தானே கட்டுவான். அதுதான் வழக்கம். அன்று சார் என் கயிற்றைத் தானே கட்டினார். மற்றவர்கள் குழாயில் தண்ணீரைத் தூவானமாகக் கிணற்றுக்குள் அடித்தார்கள். இரண்டு பேர் பெரிய மாங்கொப்பு ஒன்றை வெட்டி, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினார்கள். இதெல்லாம் எப்படியும் செய்ய வேண்டிய காரியங்கள். ஒரு நொடிகூட வீணாகவில்லை. ஆனால் ஊர் கண்டது அதை இல்லை. கிணற்றுக்குள் ஒரு ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், ஃபயர்ஃபோர்ஸ்காரன் ஒருவன் ரப்பர்ச் சருகு மேல் மல்லாந்து கிடக்கிறான். ஊர் கண்டது அதைத்தான்.

"எழும்பும் ஓய்! ஆளு சாவுது, உறங்குதீரா?"

"அரசாங்கச் சம்பளம்லா. எங்க வச்சாலும் உறக்கம் வரும்."

"இவனைத் தூக்கிக் கிணத்துல இடுங்கலே!"

காலடி என் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தேன். திறந்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் மூச்சு மறுபடியும் ஓடத் தொடங்கிவிடும். நெஞ்சு காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பெண் குரல் மிக அருகில் கேட்டது.

"நீங்களா இறங்கப்போறது?"

கண்ணைத் திறக்காமல், "ஆமா" என்றேன்.

"அப்பம் கிடங்க. எழும்பிராதீங்க."

சரோஜம் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள் போலிருக்கிறது. சருகு நொறுங்கியது. தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து என் கண் மேல் விரித்தாள். ஈரச் சேற்று மணம். பிறகு அவள் கூட்டத்தைப் பார்த்துப் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"வாயை மூடுங்க எல்லாரும்! உள்ள கிடக்கது எனக்க ஆளு. எனக்கில்லாத அவசரம் உங்களுக்கு என்ன? இவரு நல்லா மூச்சு விட்டுட்டு இறங்கட்டு. பாதியில இவரும் விழுந்தா நீங்களா வந்து இழுப்பீங்க? இழுக்கவ நானாக்கும்!"

ஊர் அடங்கியது. கல்யாண நாளிலிருந்து ஆளைக் கிணற்றுக்குள் அனுப்பி மேலே நின்று இழுத்தவள் அல்லவா! இறங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் துவர்த்துக்குக் கீழே என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல எனக்கு எழுத்து போதாது. சேற்று மணத்தில் நான் ஏதோ ஒரு தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. மாங்கொப்பு கிணற்றுக்குள் ஏறி இறங்குகிற சத்தம், யாரோ பெரிய விசிறியால் உலகத்துக்கே விசிறுவதுபோலக் கேட்டது. தூவானம் கல்லில் பட்டு எங்கோ தூரத்தில் மழை பெய்தது. காலையில் ஓடிய கால்வாய்க் கரை திரும்ப வந்தது. ஆனால் இப்போது நான் ஓடவில்லை, கரைதான் என்னைக் கடந்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பனி என் மேல் ஏறியது. கால் போயிற்று, கை போயிற்று, காதுக்குள் அடித்த நெஞ்சு எங்கோ போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒரு முற்றம் அளவுக்கு இடம் வந்தது. அந்த முற்றத்தில் வெயில் கிடந்தது. ஒருவரும் இல்லை. நான் உறங்கினேனா, தெரியவில்லை. பயம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

"சுகுமாரா" என்று சார் மெதுவாகக் கூப்பிட்டார். "பைய எழும்பு. வேகம் வேண்டாம்."

எழுந்தேன். சிலிண்டரை அவரே என் முதுகில் மாட்டினார். முகமூடியின் வாரை இழுத்துச் சரிபார்த்தார். கயிற்றுச் சைகையை நான் மறக்கமாட்டேன் என்று தெரிந்தும் இன்னொரு தரம் சொன்னார். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, விடாமல் ஆட்டினால் தூக்கு. கயிற்றின் கடைசியில் ஞானதாசை நிறுத்தினார். "கையால வேண்டாம். இடுப்பைச் சுத்திப் போட்டுச் சாய்ஞ்சு நில்லு. நேத்து அப்படித்தானே நின்னே?" ஞானதாஸ் கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் குத்திச் சாய்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவில்லை.

இறங்கினேன். வெளிச்சம் தலைக்கு மேல் சுருங்கி ஒரு தட்டு அளவாயிற்று. முகமூடிக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது, யாரோ பக்கத்தில் உறங்குவதுபோல. எஞ்சினைத் தாண்டினேன். தண்ணீர் குளிர்ந்தது. தங்கப்பனைத் தொட்டேன். உடம்பு தளர்ந்து கிடந்தது, ஆனால் கழுத்தில் ஒரு துடிப்பு நூலாக ஓடியது. இரட்டைக் கண்ணியில் ஒன்றை நெஞ்சிலும் ஒன்றைத் தொடையிலும் போட்டேன். நனைந்த ஆளின் பாரம் உங்களுக்குத் தெரியாது, மக்களே. மணல் மூட்டைகூட அந்த அளவுக்கு நழுவாது. இரண்டு முறை என் கையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போனார். மூன்றாவது முறை முழங்காலில் தாங்கி முடிச்சை இறுக்கினேன். கயிற்றை ஆட்டினேன்.

அவர் மேலே போனார். சேறு சொட்டச் சொட்ட, என் தலைக்கு மேல் அந்த வட்ட வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, மெதுவாகச் சுழன்று சுழன்று போனார். அப்போதுதான் சிலிண்டர் விசில் அடிக்கத் தொடங்கியது. காற்று தீரப்போகிறது என்று அர்த்தம். கயிறு திரும்பி வர வேண்டும். நான் அவர் இருந்த திட்டிலேயே, அவர் இருந்த மாதிரியே உட்கார்ந்தேன். துவர்த்துக்குக் கீழே கண்ட அந்த முற்றத்தை நினைத்தேன். ஒவ்வொரு மூச்சையும் அங்கே கொண்டுபோய் வைத்து வைத்து எடுத்தேன். மேலே தட்டளவு வானத்தில் செம்புத் தளிர்கள் அசைந்தன. பிறகு கயிறு என் தோளில் வந்து தொட்டது.

நான் மேலே வந்தபோது தங்கப்பனைச் சருகு மேல் கிடத்தி சார் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். சரோஜம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "வாரும் ஓய்... வாரும் ஓய்..." என்று கயிறு இழுக்கிற தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் இருமினார். கரும்பச்சையாகத் தண்ணீர் வந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ஞானதாஸ் இடுப்பில் கயிறு அறுத்த காயத்தோடு சாரின் முன்னால் போய் நின்றான். சார் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் குனிந்து கேட்டான். வண்டியில் வரும்போது நான் கேட்டேன், "என்னலே சொன்னாரு?"

"அடுத்த வருஷம் வடம்வலி எப்பம்னு முன்கூட்டியே சொல்லணுமாம். அதுக்கு மறுநாளும் சேத்துக் கிடப்பு போட்டுத் தருவாராம்" என்றான். சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

ரம்யா, உன் கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஓய்வு நாளில் நீ ஓடினால் உன்னோடு இருக்கிறவர்களை முந்தலாம். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உனக்காக ஒரு நாள் யாரோ எங்கோ தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நீ முந்தினது தேவையில்லை. நீ கிடந்தது தேவை. விஷ்ணு, அந்த வாட்சை வாரத்தில் ஒரு நாளாவது மேசைக்குள் வை. அது திட்டட்டும்.

தங்கப்பன் பிழைத்துவிட்டார் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில வாரங்கள் கழித்துச் சரோஜம் நிலையத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "சாரு ஒருக்கா வீட்டுக்கு வரணும்" என்றாள். "டாக்டரு ரெண்டு மாசம் அனங்காமக் கிடக்கச் சொல்லி விட்டாரு. இந்த மனுசன் கேக்க மாட்டேங்காரு. நெஞ்சு இழுக்குது. ராத்திரி உக்காந்து இருமுது. விடிஞ்சா மண்வெட்டியைத் தேடுதாரு. இதுக்காகவா நீங்க தூக்கி விட்டீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரும் ஞானதாசும் நானும் போனோம். ஞானதாஸ் சபையிலிருந்து வெள்ளை வேட்டியோடு நேரே வந்திருந்தான். ஓடு போட்ட சின்ன வீடு, முற்றத்தில் ஒரு அயனி மரம். அதன் நிழலில் தங்கப்பன் மரச்சீனிக் கிழங்குச் செடிக்கு மண் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்.

"சும்மா கிடந்தா பயம் வருது சார்" என்றார். "கண்ணை மூடினா கிணத்துக்குள்ள இருக்க மாதிரி. அதான் எழும்பிடுறேன்."

சார் சட்டையைக் கழற்றி மரக்கொப்பில் போட்டார். அயனி மரத்தின் கீழே கிடந்த பாயை விரித்தார். அதில் மல்லாந்து படுத்தார்.

"வா, தங்கப்பா. பக்கத்துல கிட. தனியாக் கிடந்தாத்தான் பயம்."

தங்கப்பன் என்னைப் பார்த்தார். நான் சாருக்கு இந்தப் பக்கம் படுத்தேன். ஞானதாஸ் வெள்ளை வேட்டியைப் பார்த்து ஒரு தரம் பெருமூச்சு விட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தான். தங்கப்பன் எங்கள் நடுவில் வந்து மெல்லச் சரிந்தார். இலைகளுக்குள் வெயில் துண்டு துண்டாக ஆடியது. அவர் மூச்சு முதலில் கீச்சுக் கீச்சென்று கேட்டது. பிறகு நீண்டது.

சரோஜம் வாசற்படியில் நின்று எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீயும் கிடம்மா" என்றார் சார், கண்ணைத் திறக்காமல்.

"ஐயோ சாரே, அடுப்புல அரி கிடக்கு. எனக்கு எங்க நேரம்?"

"எத்தனை வருஷமா இழுக்கே?"

அவள் கணக்குப் பார்ப்பவள்போலத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு தேய்த்துத் தேய்த்துக் கொம்புபோல ஆன உள்ளங்கை. பிறகு படியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான் என்று யாரிடமோ சொல்வதுபோல, தூணில் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் தலை தூணை விட்டு இறங்கியது. கையை மடக்கித் தலைக்கு வைத்து, படியிலேயே சுருண்டு உறங்கிப்போனாள்.

உள்ளே சோறு பொங்கி வழிந்து அடுப்பில் சொய்யென்று சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கப் போனேன். செல்லப்பன் சார் என் கையை அமர்த்தினார். சத்தம் வராமல் எழுந்து, அவளைத் தாண்டி உள்ளே போய், பானையை அவரே இறக்கி வைத்தார்.